எந்த நாட்டுக்கு, தம்பி?

சென்ற கிழமை வெள்ளவத்தையில் அன்பர் ஒருவருடைய வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவருடைய மகன் உயர்தரப் பரீட்சையில் கணிதப் பிரிவிலே சிறந்த பெறுபேறு பெற்றிருந்தான். வந்திருந்த உறவினரும் அயலவரும் பையனை மனமார வாழ்த்தினர். வாழ்த்திய கையோடு ஒவ்வொருவரும் கேட்ட கேள்வி ஒன்றே: "எந்த நாட்டுக்கு, தம்பி?" என்ன படிக்கப் போகிறான் என்று கேட்டவர் ஒருவர் இருவர். யாரிடம் படிக்கப் போகிறான் என்று கேட்டவர் ஒருவருமிலர்.

எல்லோரும் எழுந்து சாப்பாட்டு மேசைக்குச் சென்ற பின்னர், பையன் என் அருகில் வந்திருந்து மெல்லிய குரலிற் கேட்டான்: "சேர், எனக்கு அல்கோரிதம் ஆராய்ச்சியிலதான் விருப்பம். இங்கே இருந்து அதைச் செய்ய ஏலுமோ?"

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கணிதம் படிப்பித்த எனக்கு உடனே விடை சொல்ல நா எழவில்லை. "ஏலும்" என்றாற் பொய்யாகிவிடுமோ என அஞ்சினேன். "ஏலாது" என்றால் ஒரு விளக்கை ஊதி அணைத்தவனாவேன். "பிறகு பார்ப்போம்" என்று மழுப்பிவிட்டு வந்தேன். அம்மழுப்பல் இக்கிழமை முழுவதும் என்னை உறுத்திக்கொண்டேயிருந்தது. அவனுக்கு அன்று சொல்லத் தவறியதை இன்று எழுதுகிறேன். அவனைப் போன்ற பிள்ளைகளின் ஆசிரியரும் பெற்றோரும் இதனைப் படித்துச் சற்றே சிந்திப்பாராயின் என் மனம் ஆறும்.

முதலில், அல்கோரிதம் என்பது யாது? ஒன்பதாம் நூற்றாண்டிற் பக்தாத் நகரில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி என்னும் கணித அறிஞரின் பெயர், மேனாட்டார் நாவிலே திரிந்து பிறந்த சொல் அது. தமிழில் நெறிமுறை என்றும் படிமுறை என்றும் பலவாறு வழங்குகிறோம். ஒரு காரியத்தை ஐயத்துக்கு இடமின்றிப் படிப்படியாகச் செய்து முடிக்கும் வழி எதுவோ அதுவே அல்கோரிதம். வழி ஒன்று இருந்தாற் போதாது. அது விரைவான வழியா என்று ஆராய்வதே அத்துறையின் உயிர்.

ஆசிரியர்களுக்கு விளங்கும் உதாரணம் ஒன்று கூறுகிறேன். 1,000 விடைத்தாள்கள் கலைந்து கிடக்கின்றன. அவற்றைச் சுட்டெண் ஒழுங்கில் அடுக்கவேண்டும். ஒவ்வொரு தாளையும் மற்றைய ஒவ்வொரு தாளோடும் ஒப்பிடப் புகுந்தால் 4,99,500 ஒப்பீடுகள் வேண்டும். அவ்வாறன்றி, முதலில் இரண்டிரண்டு தாள்களை ஒழுங்காக்கி, இரண்டின் அடுக்குகளைச் சேர்த்து நான்காக்கி, நான்கை எட்டாக்கி, இவ்வாறே ஒழுங்கான அடுக்குகளை ஒன்றோடொன்று சேர்த்துச் சென்றாற் பத்தே சுற்றில் வேலை முடிந்துவிடும்; ஒப்பீடுகளோ 10,000 என்ற எல்லையைத் தாண்டா. தாள்கள் அவையே, கைகளும் அவையே. மாறியது வழி மட்டுமே. இன்று உலகத்து வங்கிகளும் வைத்தியசாலைகளும் தொலைபேசிகளும் இத்தகைய வழிகளின் மேலேயே இயங்குகின்றன.

இத்துறையின் தன்மை இதனால் விளங்கும். இரசாயனவியலாருக்கு ஆய்வுகூடம் வேண்டும். வானவியலாருக்குத் தொலைநோக்கி வேண்டும். அல்கோரிதம் ஆராய்பவருக்கு முதற்கண் வேண்டுவன தாளும் பென்சிலும் கரும்பலகையும், அவசரமற்ற பொழுதும், "அது பிழை" என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய நண்பர் நால்வருமே. தாளும் பென்சிலும் கரும்பலகையும் கொழும்பில் மலிந்து கிடக்கின்றன. அவசரமற்ற பொழுதும் அத்தகைய நண்பருமே இங்கு அரியவை. இந்த இரண்டையும் ஓரிடத்தில் உண்டாக்க ஒரு மனிதரால் முடியுமா? முடிந்திருக்கிறது என்பதற்கு இரு வாழ்க்கைகளைச் சான்றாக வைக்கிறேன். ஒன்று தொலைவானது, மற்றையது அண்மையானது.

ஜேர்மனியிலே கூர்ட் மேல்ஹோர்ன் என்றொரு பேராசிரியர். 1949ஆம் ஆண்டு இங்கோல்ஸ்டாட் நகரிற் பிறந்தவர். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திற் பயின்று, அமெரிக்கா சென்று, 1974இற் கோர்னெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். "எந்த நாட்டுக்கு?" என்ற நம் கேள்விக்கு அத்தோடு விடை கிடைத்துவிடும், மாலையும் போட்டுவிடுவோம். அவரோ திரும்பினார். திரும்பியதும் பெருநகர் ஒன்றுக்கன்று. பிரான்சிய எல்லையோரத்தில், நிலக்கரிச் சுரங்கங்களாலும் உருக்காலைகளாலும் பேர்பெற்ற சார்லாந்து மாநிலத்தின் தலைநகரான சார்புறூக்கன் என்னும் சிற்றூரை ஒத்த நகருக்கு. 1975இல் அங்கே பேராசிரியரானார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறளவு. அன்று தொடங்கிய வாசம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்தது.

அங்கிருந்தபடியே, தரவுகளை ஒழுங்குபடுத்தும் முறைகளையும் அல்கோரிதங்களையும் பற்றி மூன்று தொகுதிகளாலான நூலை 1984இல் வெளியிட்டார். அவரிடம் படித்தோர் பிற இடங்களிற் பேராசிரியராயினர். 1990இல் மாக்ஸ் பிளாங்க் கழகம் தன் கணினி அறிவியல் நிறுவனத்தை அந்நகரிலேயே தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர்களுள் ஒருவராக அவர் அமைந்தார். நகரின் பெருமையால் அறிஞர் வந்தாரல்லர்; அறிஞர் இருந்தமையால் நகருக்குப் பெருமை வந்தது.

அவருடைய வாழ்வில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நம் ஆசிரியர் ஒவ்வொருவரும் அறிதல் நன்று. ஸ்தெபான் நேஹர் என்பவரோடு சேர்ந்து, அல்கோரிதங்களையெல்லாம் பிறர் எடுத்தாளும் வண்ணம் நிரல்களாக எழுதித் தொகுக்கும் பெருமுயற்சியை 1988இல் அவர் தொடங்கினார். லீடா என்பது அத்தொகுதியின் பெயர். அதிலே ஒரு நிரல், கோடுகளால் இணைந்த புள்ளிகளின் வலை ஒன்றைக் கொடுத்தால், கோடு கோட்டை வெட்டாமல் அதனைத் தாளில் வரைய முடியுமா, முடியாதா என்று சொல்லும். வரையக்கூடிய ஒரு வலையை அந்நிரல் "முடியாது" என்று சொல்லிவிட்டது. பயன்படுத்திய ஒருவர் பிழையைச் சுட்டிக் காட்டினார். மேல்ஹோர்ன் அதனை மறைக்கவில்லை. "எங்கள் நிரல் பிழையாயிருந்தது" என்பதைத் தம் கட்டுரைகளிலே தாமே எழுதினார். அவ்வளவில் நின்றிருந்தாற்கூட அது பெருந்தன்மையே. அவர் மேலும் ஒரு படி சென்றார். ஒரு நிரல் விடையை மட்டும் சொன்னாற் போதாது; அவ்விடை சரியென்பதை வேறொருவர் எளிதிற் சோதித்தறியத்தக்க சான்றையும் உடன் தரவேண்டும் என்ற கொள்கையை வளர்த்தார். "முடியும்" என்றால் வரைந்து காட்டு. "முடியாது" என்றால் எந்தப் பகுதி தடுக்கிறது என்று சுட்டிக் காட்டு. சான்று தரும் அல்கோரிதம் என்று அத்துறை இன்று தனியே வளர்ந்திருக்கிறது.

விடையை மட்டும் எழுதிய மாணவனிடம் "வழியைக் காட்டு" என்று கேட்கும் கணித ஆசிரியரின் குரல் இதில் ஒலிக்கிறதன்றோ? எங்கள் ரியூட்டரிகளில் இக்குரல் மங்கிவிட்டது. மாதிரி வினாவும் மாதிரி விடையும் அச்சிட்டு விற்கப்படுகின்றன. பிழை விட்டவனைப் பார்த்து நகைக்கிறோம். பிழையிலிருந்து ஒரு துறையே பிறக்கலாம் என்பதை எண்ணுகிறோமில்லை.

"ஜேர்மனி செல்வ நாடு, அங்கே இருந்தவருக்கு என்ன குறை?" என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆகையினால் இனி அண்மையிலுள்ள சான்றுக்கு வருகிறேன். பாக்கு நீரிணையைத் தாண்டினாற் போதும்; சென்னைக்குத் தெற்கே தாம்பரம்.

அங்கே போகுமுன் கொட்டாஞ்சேனைக்குப் போய்வரவேண்டியிருக்கிறது. என் இளமைப் பருவம் கழிந்தது அங்கேதான். எங்கள் ஒழுங்கையில் அயல்வீட்டில் ஓர் ஆச்சி இருந்தார். அவருடைய முன்னோர் தென்பாண்டி நாட்டிலிருந்து வந்தவர்கள். யாழ்ப்பாணத்து வழியினரான எங்கள் வீட்டிற் கோலம் என்பது பொங்கலன்று முற்றத்தில் இடப்படுவது, அவ்வளவே. ஆச்சி வீட்டு வாசலிலோ மார்கழி முழுவதும் விடியுமுன் ஒரு கோலம் விரிந்திருக்கும். முதலிற் புள்ளிகளை இடுவார். பின்பு கையெடாமல் ஒரே கோடாக அப்புள்ளிகளைச் சுற்றி வளைத்து, புறப்பட்ட இடத்திலேயே வந்து முடிப்பார். சிக்குக் கோலம் என்றும் கம்பிக் கோலம் என்றும் சொல்லப்படுவது அது. "எப்படி ஆச்சி இவ்வளவையும் ஞாபகம் வைச்சிருக்கிறியள்?" என்று ஒருநாட் கேட்டேன். "நான் எங்கே தம்பி ஞாபகம் வைக்கிறேன்? கைதானே வைக்குது" என்றார். அவ்விடையின் ஆழம் எனக்கு விளங்க நாற்பது ஆண்டுகள் சென்றன.

1974ஆம் ஆண்டு, கணினி வரைகலை பற்றிய அனைத்துலக ஆய்விதழ் ஒன்றிற் கோலத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியாயிற்று. எழுதியவர் மூவர்: கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன். முதலிருவரும் கணவன் மனைவியர். தாம்பரத்துச் சென்னைக் கிறித்துவக் கல்லூரி ஆசிரியர்கள். மூன்றாமவர் ராணி சிரோமணியின் மாணவி. பின்னாளிற் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பேராசிரியராய் விளங்கியவர். கோலத்தை அழகுப் பொருளாகவோ சடங்குப் பொருளாகவோ அவர்கள் பார்க்கவில்லை. இலக்கணமுடைய ஒரு மொழியாகப் பார்த்தார்கள்.

ராணி சிரோமணி 1929இற் பிறந்தவர். கல்லூரியிற் கணிதம் படிப்பித்துக்கொண்டே ஆராய்ச்சி செய்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவர் கலாநிதிப் பட்டம் பெற்றது 1970இல். வயது அப்போது நாற்பதை எட்டிவிட்டது. இருபத்தைந்திற் பட்டம் பெறாதவன் காலம் தவறியவன் என்று கருதும் நம்மவர் இந்த ஆண்டைக் குறித்துவைத்துக் கொள்ளல் நன்று. கணினி என்பது இந்தியக் கல்லூரிகளிற் காண்டற்கரிய பொருளாயிருந்த காலம் அது. அவருக்கு அது தடையாகவில்லை. ஏனெனில் அவர் ஆராய்ந்தது கணினியின் இயந்திரத்தையன்று, அதன் மொழியின் இலக்கணத்தை.

அவர் செய்ததை எளிய முறையிற் சொல்ல முயல்கிறேன். எழுத்துகள் சேர்ந்து சொல்லாகும். சொற்கள் சேர்ந்து வாக்கியமாகும். சில விதிகளைக் கொண்டு எண்ணற்ற வாக்கியங்களை ஆக்கலாம் என்பது இலக்கணம் படித்தோர் யாவரும் அறிந்தது. அவ்விதிகளையே கணிதமாக்கி வகைப்படுத்தும் முறையை நோம் சொம்ஸ்கி 1950களில் வகுத்தார். ஆனால் அவ்விலக்கணம் ஒரு வரியிலே ஓடுவது. இடமிருந்து வலமாகச் செல்வது. படம் அத்தகையதன்று, அதற்கு நீளமும் உண்டு, அகலமும் உண்டு. நம் உயர்தர வகுப்பிலே தாயம் என்று படிப்பிக்கிறோமே, நிரைகளும் நிரல்களுமாய் அமைந்த அடுக்கு, அவ்வடிவிலே படங்களைப் பிறப்பிக்கும் இலக்கணத்தை ராணி சிரோமணியும் அவருடைய குழுவினரும் 1972ஆம் ஆண்டளவில் அமைத்தனர். முதற் கட்டத்திற் கிடையாக ஒரு நிரை பிறக்கும். இரண்டாம் கட்டத்தில் அந்நிரையின் ஒவ்வோர் உறுப்பிலிருந்தும் நிரல்கள் ஒரே வேளையிற் கீழ்நோக்கி வளரும். தறியிலே பாவு ஓடிய பின் ஊடு ஓடுவதை ஒத்த இருகட்ட முறை அது. உலக ஆய்வேடுகளில் இன்றும் அதற்குச் சிரோமணி தாய இலக்கணம் என்றே பெயர்.

இனி அவ்வாச்சியின் கைக்கு வருவோம். கம்பிக் கோலம் இடும் பெண்கள் முழுப்படத்தை மனத்திற் சுமப்பதில்லை. நேரே செல், இடப்பக்கம் வளை, வலப்பக்கம் வளை, புள்ளியைச் சுற்றித் திரும்பு என்றாற்போன்ற சில அசைவுகளின் வரிசையாகவே அவர்களுடைய கை அதனை அறிந்திருக்கிறது. இவ்வசைவுகளைச் சிரோமணி தம்பதியர் எழுத்துகளாகக் கொண்டனர்; கோலம் ஒன்று ஒரு நீண்ட சொல்லாயிற்று; சிறு கோலம் பெருங்கோலமாய் வளர்வது ஒரு விதியாயிற்று. "கைதானே வைக்குது" என்று ஆச்சி சொன்னது அல்கோரிதத்துக்கு அவர் கூறிய வரைவிலக்கணமேயாகும்.

கோலத்தில் ஒளிந்திருக்கும் இன்னொரு கணித உண்மையையும் சொல்ல ஆசைப்படுகிறேன். புள்ளிகளை நீள்சதுரமாக நிரைப்படுத்தி, அண்டைப் புள்ளிகளுக்கிடையே கோடு சாய்வாகக் கடந்து, ஓரத்திலே திரும்பி வருமாறு எளிய கம்பிக் கோலம் இடுங்கள். மூன்று நிரையும் நான்கு நிரலும் ஆனால் முழுக்கோலமும் ஒரே இழையில் முடியும். நான்கு நிரையும் ஆறு நிரலும் ஆனால் இரண்டு தனி இழைகள் வேண்டும். மூன்றும் மூன்றும் ஆனால் மூன்று இழைகள். ஏன்? நிரை, நிரல் என்னும் இரு எண்களின் பொதுக் காரணிகளுட் பெரியது எதுவோ அதுவே இழைகளின் தொகை. அப்பெரிய பொதுக் காரணியைக் காணும் வழியை ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் யூக்கிளிட்டு எழுதிவைத்தார். உலகின் மிகப் பழைய அல்கோரிதங்களுள் அது ஒன்று. வாசற்படிக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு பிடி அரிசிமாவே.

இக்கோல ஆராய்ச்சி தாம்பரத்திலே நின்றுவிடவில்லை. செடிகொடிகளின் வளர்ச்சியைக் கணினியில் வரைந்து புகழ்பெற்ற பிரூசின்கீவிச் என்னும் அறிஞர், கமலா கிருத்திவாசன் முதலியோருடன் சேர்ந்து, கோலத்தையும் கர்நாடக இசையையும் அத்தகைய வளர்ச்சி விதிகளால் ஆக்கிக் காட்டினார். அக்கட்டுரை 1989இல் வெளியான ஒரு நினைவு மலரில் உள்ளது. அம்மலர் கிப்ட் சிரோமணியின் நினைவாகத் தொகுக்கப்பட்டது. அவர் 1988இற் காலமானார். அச்சிட்ட தமிழ் எழுத்துகளைக் கணினி அடையாளங் காண்பது எவ்வாறு என்று 1978இலேயே கூட்டாக ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர் அவர். ராணி அம்மையாரோ கணவர் மறைந்த பின்பும் ஓயவில்லை. செய்தியை இரகசியமாய் அனுப்பும் மறைகுறி முறைகளை ஆராய்ந்து 1990இற் கட்டுரை எழுதினார். சென்னைக் கணிதக் கழகத்திலும் பேராசிரியராய் இணைந்திருந்தார். 2019இல், தொண்ணூறாவது வயதில், அவர் மறைந்தபோது அவருடைய மாணவரின் மாணவரும் பேராசிரியராய் இருந்தனர்.

இவ்விருவர் வாழ்விலிருந்தும் நான் பெறும் பொருள் ஒன்றே. ஓரிடத்தில் நிலைத்து இருத்தல் என்பது வெறும் நாட்டுப்பற்று அன்று. அஃது ஆராய்ச்சியின் ஒரு கருவி. நிலைத்திருந்தமையால் மேல்ஹோர்னுக்குப் பிழை சொல்லும் நண்பர் கூட்டம் அமைந்தது. நிலைத்திருந்தமையால் ராணி சிரோமணிக்குக் கேள்வியே வாசற்படியில் அகப்பட்டது. கோலத்தை இலக்கணமாகக் காணும் எண்ணம் கோலத்தை மிதியாமல் தாண்டிச் சென்று வளர்ந்தவர்களுக்கே முதலில் எழும். இடம் என்பது நமக்குச் சோறு தருவது மட்டுமன்று, வினாவையும் தருவது.

இவ்வளவும் எழுதிய பின் என் நெஞ்சே என்னை மறிக்கிறது. "இலங்கைத் தமிழனுக்கு நிலைத்திருத்தல் அவன் விருப்பத்தில் இருந்ததா?" என்று அது கேட்கிறது. உண்மை, இருக்கவில்லை. கேம்பிரிட்ஜிற் பயின்ற எலியேசர் 1949 முதல் கொழும்பிலே கணிதப் பேராசிரியராய் விளங்கினார். 1956இற் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. 1958இற் கலவரம் மூண்டது. 1959இல் அவர் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கிருந்து 1968இல் ஆஸ்திரேலியாவுக்குச் சென்றார். 1970களிற் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. 1983 ஆடியில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகள் எரிந்தன. என்னோடு கணிதம் படித்த எண்மரில் அறுவர் அதன்பின் கடல் கடந்தனர். அவர்களுள் எவரையும் பார்த்து "நீ இருந்திருக்கலாமே" என்று சொல்ல எனக்கு வாயில்லை. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின் மீண்டும் பலர் சென்றனர். பல்கலைக்கழக விரிவுரையாளரும் அவர்களுள் அடங்குவர்.

ஆகையால், போவது குற்றம், இருப்பது புண்ணியம் என்று இளைஞருக்கு உபதேசம் செய்ய நான் வரவில்லை. மேல்ஹோர்னும் அமெரிக்காவிற் படித்தவரே. என் வழக்கு போகிறவர்மீதன்று, இருக்கிற எங்கள்மீது. இங்கே இருந்தவர்களை நாம் எவ்வாறு நடத்துகிறோம்? பேராசிரியர் சமரநாயக்கா இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்று, 1960களிலே கொழும்புக்குத் திரும்பி, கணிதத் துறையிலிருந்தபடியே இந்நாட்டின் கணினிக் கல்விக்கு அத்திவாரமிட்டார். 2002இற் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அமைந்த கணினிக் கல்லூரி அவர் கண்ட கனவின் பயன். 2007இல் அவர் காலமானார். தமிழ் மாணவர் பலரும் அவ்விடத்திற் படித்து வெளியேறியிருக்கின்றனர். அம்மாணவருள் எத்தனை பேருக்கு, இங்கேயே இருந்து ஆராயும் ஓர் ஆசிரியரைக் காட்டி, "இவரைப்போல் ஆகு" என்று நாம் சொன்னோம்? வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவருக்கு மேடையும் மாலையும், ஊரில் இருப்பவருக்கு "ஏன் இன்னும் இங்கே இருக்கிறீர்?" என்ற பார்வை. இப்பார்வை மாறாதவரை எந்தச் சட்டமும் எந்தச் சம்பளமும் ஓர் அறிஞரை இங்கே நிறுத்திவைக்கா.

செய்யக்கூடியது எதுவும் இல்லையா? வெள்ளவத்தையிலே 1942 முதல் இயங்கிவரும் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. நூலகமும் மண்டபமும் உள்ளன. அங்கே பட்டிமன்றமும் நூல் வெளியீடும் நடக்கும் நாள்களில் நானும் முன்வரிசையில் இருந்து கைதட்டியவனே. மாதத்தில் ஒரு மாலையாவது ஒரு கரும்பலகையை வைத்து, ஒரு தேற்றத்தை எழுதி, பத்து மாணவரை இருத்தி, "பிழையிருந்தாற் சொல்லுங்கள்" என்று கேட்டாலென்ன? கொட்டாஞ்சேனையிற் பாடசாலை முடிந்த பின் ஒரு வகுப்பறையைத் திறந்துவிட்டாலென்ன? வெளிநாட்டிலுள்ள நம் பேராசிரியர் மேடைப் பேச்சுக்குப் பதிலாக, இணையத்தின் வழியாகவேனும் ஒரு தவணைக்காலம் ஒரு சிறு குழுவுக்குப் பாடம் சொன்னாலென்ன? இவை எவற்றுக்கும் பெரும் பணம் வேண்டா. வேண்டுவது முன்னே சொன்ன இரண்டுமே: அவசரமற்ற பொழுது, பிழை சொல்லும் நண்பர்.

இப்போது நான் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில் வசிக்கிறேன். இங்கே வாசல் உண்டு, வாசற்படி இல்லை. எதிர்வீட்டுக் கதவடியிற் பிளாஸ்டிக்கில் அச்சிட்ட கோலம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது விடை மட்டும். வழி அதில் இல்லை. எங்கள் கல்வி அந்நிலைக்கு வந்துவிடக்கூடாதே என்பதுதான் என் கவலை.

நேற்று மாலை அந்தப் பையனைத் தொலைபேசியில் அழைத்தேன். "தம்பி, அன்று கேட்டதுக்கு விடை இதுதான். ஏலும். ஆனால் தனிய ஏலாது. சனிக்கிழமை பின்னேரம் தாளும் பென்சிலும் கொண்டு வாரும்" என்றேன். நிரையும் நிரலும் கொடுத்தாற் கோலத்துக்கு எத்தனை இழை வேண்டும் என்பதை நிறுவுவதே முதற் கணக்கு. இன்னும் இரண்டு நண்பரையும் கூட்டி வரலாமோ என்று கேட்டான். நால்வர் வந்தாலும் நல்லது என்றேன். நாளை அவன் ஜேர்மனிக்குப் போகலாம், தாம்பரத்துக்குப் போகலாம், கொழும்பிலேயே இருக்கலாம். அது அவன் முடிவு. ஆனால் அடுத்த முறை ஒரு கெட்டிக்காரப் பிள்ளையைக் காணும்போது "எந்த நாட்டுக்கு, தம்பி?" என்று கேளாது, "யாரிடம் படிக்கப் போகிறீர், தம்பி?" என்று வாசகர் கேட்பாராயின், அதற்குச் சொல்லத்தக்க ஒரு பெயர் இந்நகரிலேயே உண்டாவதற்கு அக்கேள்வியே முதற் புள்ளியாகும்.